பாட்டிலில் வந்த கியர் ஆயில்

எந்த ஆயில் போடலாம் என்று கேட்டு எனக்கு இன்னும் போன் வருகிறது. வேலையை விட்டு வந்தாயிற்று. சாந்தோமில் வீட்டோடு இருக்கிறேன், காலைப் பூசைக்குப் போகிறேன், வஞ்சிரத்துக்கு பேரம் பேசுகிறேன். ஆனாலும் "ரெஜினாக்கா, கியருக்கு இன்னா ஊத்தலாம்?" என்று ஒரு குரல் கேட்டதும் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொள்கிறேன். பதில் எனக்குத் தெரியும். பதில் தப்பாகிவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும், அதுதான் தொல்லை.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. அப்பா பங்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அத்தைகள் இரண்டு பேரும் டீச்சர்கள். என்னையும் டீச்சர் ஆக்கத்தான் பார்த்தார்கள். ஒரு வகுப்புப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் என்னைப் பார்ப்பதை நினைத்தாலே எனக்குக் கை சில்லிட்டுப் போகும். அதனால் மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் இருந்த அவுட்போர்டு மோட்டார் கம்பெனியில் கவுன்டர் வேலைக்குச் சேர்ந்தேன். பின்னால் சுவர், முன்னால் மேஜை, பத்திரமான இடம் என்று நினைத்துக்கொண்டேன். கடலுக்குப் போகிறவர்கள் கையில் டின் டின்னாக ஆயில் எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர்கள் திரும்பி வந்தார்களா என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும் வேலை அது என்று சேரும்போது யாரும் சொல்லவில்லை.

அவுட்போர்டு என்றால் ஃபைபர் படகின் பின்பக்கம் தொங்குகிற மோட்டார். மேலே இன்ஜின், தண்ணீருக்குள் கியர்ப் பெட்டி, அதன் முனையில் ப்ரொப்பெல்லர். மேலே ஒரு ஆயில், கீழே வேறு ஆயில். இப்போது கவுன்டரில் இருக்கும் பிள்ளைகள் மோட்டார் நம்பரை கம்ப்யூட்டரில் தட்டுகிறார்கள், அது ஆயிலின் பேரைச் சொல்லிவிடுகிறது. போன மாதம் கம்பெனி விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அவர்களில் ஒரு பெண், அந்தக் காலத்தில் பழைய ஆயிலைப் பாட்டிலில் கொண்டுவந்து காட்டினால்தான் புது ஆயில் கொடுப்பீர்களாமே, அந்த வழக்கம் ஏன் நின்றது என்று கேட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏதோ உளறிவிட்டு வந்துவிட்டேன். எழுதும்போது யாரும் பார்ப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

தொழிலை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சாரநாதன் சார். சர்வீஸ் மேனேஜர். கபாலீஸ்வரர் கோவில் குளத்தருகே வீடு, நடந்தே வருவார். வெள்ளை முழுக்கைச் சட்டை. நாள் முழுக்க ஆயிலோடு புழங்கினாலும் அதில் ஒரு பொட்டு கறை இருக்காது. குரலை உயர்த்தவே மாட்டார். குரல் உயர்ந்தால் தேவலை என்று நாங்கள் ஏங்கியதுண்டு. தப்பு செய்தவனை அவர் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வையில் ஆசாமி பாதியாகிவிடுவான். அப்புறம் மெதுவாக ஒரு கேள்வி வரும்.

"ஆத்துல பொண்டாட்டி குழந்தைகள் இருக்காளோன்னோ? அவாகிட்ட சொல்லிட்டுத்தானே வந்தே?"

அவ்வளவுதான் திட்டு. பத்துப் பேர் நிற்கும் கவுன்டரில் இதைக் கேட்டுவிட்டுத் தலை குனிந்துகொண்டு வெளியே போன எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன்.

நான் கற்றுக்கொண்ட கதை நீளமில்லை. சேர்ந்த புதிதில் டின்களைத் துடைத்து அடுக்கினேன், பிறகு முகர்ந்து பார்க்கக் கற்றேன், பிறகு கேள்வி கேட்கக் கற்றேன். ஆயில் கேட்டு வந்தவரிடம் சட்டென்று எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பது சாரின் சட்டம். டூ-ஸ்ட்ரோக்கா, ஃபோர்-ஸ்ட்ரோக்கா? பெட்ரோலா, மண்ணெண்ணெயா? கடைசியாக எப்போது திறந்தது? இதைக் கேட்காமல் டின்னைத் தொட்டால் சாரின் பார்வை என் பக்கம் திரும்பும்.

டூ-ஸ்ட்ரோக் மோட்டாருக்கு ஆயிலைப் பெட்ரோலோடு கலக்க வேண்டும். பைக்குக்குப் போடும் டூ-டி ஆயிலும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், விலையும் குறைவு, தெருமுனையில் கிடைக்கும். ஆனால் பைக் காற்றில் ஆறுகிற வண்டி. படகு மோட்டார் கடல் தண்ணீரை உறிஞ்சித் தன்னைக் குளிர வைத்துக்கொள்வது. அந்தக் குளிர்ச்சியில் பைக் ஆயில் சரியாக எரியாமல் கரியும் சாம்பலுமாகப் பிஸ்டனைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். கரையில் ஒன்றும் தெரியாது, நடுக்கடலில்தான் மோட்டார் மூச்சு முட்டி நிற்கும். ஃபோர்-ஸ்ட்ரோக் வந்த பிறகு பழக்க தோஷத்தில் அதற்கும் பெட்ரோலில் ஆயில் கலந்தார்கள். அதற்கு ஆயில் தனியாக உள்ளே இருக்கிறது, பெட்ரோலில் கலக்காதே என்று நான் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன்.

ஒருமுறை கோடம்பாக்கத்திலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி ஆள் வந்தார். படகுக் காட்சி எடுக்கிறார்களாம், மோட்டாரிலிருந்து நிறைய புகை வர வேண்டுமாம், அதற்கு எந்த ஆயில் என்று கேட்டார். ஒன்றும் தர முடியாது என்று சார் சொல்லிவிட்டார். அந்த மனிதர் வெளியே எங்கேயோ வாங்கிக் கேனில் தாராளமாக ஊற்றியிருக்கிறார். புகை நன்றாகத்தான் வந்ததாம். பிறகு ப்ளக் நனைந்து அடையாற்று முகத்துவாரத்தில் மோட்டார் படுத்துவிட்டது. கதாநாயகன் மேக்கப்போடு படகில் நின்று அலறியதைக் கரையில் எல்லாரும் நடிப்பு என்று நினைத்துக் கைதட்டினார்கள். மறுநாள் அந்த ஆள் வந்து சொன்னபோது கடையே சிரித்தது. எனக்கு மட்டும் அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை.

கியர் ஆயில் விஷயம் இதைவிட மோசம், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. ப்ரொப்பெல்லர் தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் உண்டு. வலை நூலோ தூண்டில் நரம்போ சுற்றிக்கொண்டால் அந்த சீலை அறுத்துவிடும். கடல் தண்ணீர் உள்ளே போய் ஆயிலோடு கலக்கும். கலந்தால் ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு பல்சக்கரங்கள் எத்தனை நாள் தாங்கும் என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. பல் போய்விட்டால் மேலே மோட்டார் நன்றாக உறுமும், கீழே ப்ரொப்பெல்லர் சுற்றாது. படகு நின்ற இடத்தில் நிற்கும், அப்புறம் காற்று இழுத்த பக்கம் போகும்.

அதனால்தான் சார் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தார். கியர் ஆயில் வேண்டுமா, பழைய ஆயிலை இறக்கி ஒரு பாட்டிலில் கொண்டு வா. மருந்து பாட்டில் கொண்டுவரச் சொன்னார், எல்லாரும் குவார்ட்டர் பாட்டில்தான் கொண்டுவந்தார்கள். முதலில் முகம் சுளித்தார், பிறகு கண்டுகொள்ளவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துச் சாய்ப்பார். விரலில் ஒரு சொட்டு தொட்டுத் தேய்ப்பார். தேன் நிறமாகவோ கறுத்தோ இருந்தால் "குடுத்துடு" என்பார். காபி நிறமாக இருந்தால் பார்வை, கேள்வி, அப்புறம் ஒரே வார்த்தை: "ஈக்காட்டுத்தாங்கல்."

அங்கேதான் எங்கள் ஒர்க்‌ஷாப். மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்ப் போட்டால் சீல் மாற்றி, கியரைப் பிரித்துப் பார்த்து, சார் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளியே வரும். ஒரு வாரமும் ஆகும், மீன் பாடு உள்ள நேரத்தில் இரண்டு வாரமும் ஆகும். அதுவரை படகு மணலில் கிடக்கும். அதற்கு முன்னால் ஆயில் கொடுத்துவிடேன் சார், அடுத்த வாரம் கொண்டாறேன் என்று கெஞ்சுவார்கள். கொடுக்க மாட்டார். நான் சேர்வதற்கு முன்னால் அப்படிக் கெஞ்சிய ஒருவனுக்கு இரக்கப்பட்டுக் கொடுத்தாராம், அவன் அடுத்த வாரம் வரவில்லையாம். கடையில் பழைய ஆட்கள் சொன்னது. அவரிடம் கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

தீபாவளி கழிந்து மழை கொஞ்சம் விட்டிருந்த நேரம். மத்தியானம். குமுதா வந்தாள். பட்டினப்பாக்கம் பக்கத்துக் குப்பத்தில் இருப்பவள், மீன் விற்பவள். புருஷன் செல்வம் எங்கள் கடையில் வாங்கிய மோட்டாரைத்தான் ஓட்டினான். வழக்கமாக அவன்தான் வருவான். இவள் முந்தானைக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, பெரிய டின்னாகக் கொடு என்றாள். சார் உள் அறையில் சாப்பிட உட்கார்ந்திருந்தார். சாரைக் கூப்பிட வேண்டாம், நீயே பார்த்துக் கொடுத்துடு என்று அவசரப்படுத்தினாள்.

பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தேன். அருமையான ஆயில். தேன் நிறம், தெளிவு. டின்னை எடுத்து, கூடவே திருகாணிக்கான இரண்டு வாஷரையும் பையில் போட்டேன். பில் போடப் போன கை நின்றுவிட்டது. அந்த வருஷம் கம்பெனியிலிருந்து கொஞ்ச நாள் பச்சை நிறத்தில் ஒரு கியர் ஆயில் வந்தது. பச்சையாகக் கிடக்கே அக்கா, இதுக்கு கீரை பேர் ஏதாச்சும் வச்சிருக்கானா என்று செல்வம் என்னைக் கிண்டல் செய்தான். அவனுக்கு நான் கொடுத்தது அந்தப் பச்சைதான். பச்சை ஊற்றிய கியரிலிருந்து தேன் எப்படி வரும்?

"குமுதா, இது உங்க மோட்டார் ஆயில் இல்லையேம்மா" என்றேன்.

எங்களுடையதுதான் என்றாள். இரண்டு தரம் சொன்னாள். மூன்றாவது தரம் உள் அறைக் கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"ஏழுமலை அண்ணன் மிஷின்லருந்து கொஞ்சம் ஊத்திக்கினு வந்தேங்க்கா. எங்களுது பால் காப்பி மேரி வந்துச்சு. சார் பாத்தா புடுங்கி ஈக்காட்டுத்தாங்கல்ல போட்ருவாரு. அவுரு மூஞ்சப் பாத்தாலே எங்க ஊட்டுக்காரருக்கு வவுறு கலங்குது. அதான் என்னிய அனுப்பிச்சாரு."

ஏழுமலை அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர். வாங்கிப் போகிற டின்னிலிருந்து அவருக்கும் திருப்பி ஊற்றிக் கொடுப்பதாக ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. செல்வம் எங்கே?

விடிவதற்கு முன்னால் கடலுக்குப் போய்விட்டானாம். அவள் தம்பி பாபுவும் கூட. பத்து மணிக்கெல்லாம் வந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறான், இன்னும் வரவில்லை, மீன் நிறைய மாட்டியிருக்கும் என்றாள். காபியாக வந்ததை இறக்கிவிட்டானே, இப்போது கியரில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். வீட்டில் மிச்சம் இருந்த டூ-டி ஆயிலை ஊற்றிக்கொண்டு போனான் என்றாள். அதுவும் கம்பெனி ஆயில்தானே அக்கா என்றாள்.

டூ-டி ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிவதற்கானது, தண்ணீர் மாதிரி ஓடும். பல்லும் பல்லும் நெரிக்கிற இடத்தில் அது நிற்காது. போதாததற்கு அறுந்த சீல் வழியாக உப்புத் தண்ணீர் வேறு. செல்வத்தின் நம்பரைப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக அந்தப் பெண் குரல் தேனொழுகச் சொன்னது. திரும்பப் போட்டேன். திரும்பச் சொன்னது. குமுதா அதுவரை சாதாரணமாகத்தான் இருந்தாள். என் முகத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு உதறல் எடுத்தது.

"இன்னாக்கா ஆவும்?"

நான் நேராக உள் அறைக்குப் போனேன். சாப்பிடும்போது சாரைக் கூப்பிட்டதில்லை, யாரும் கூப்பிட்டதில்லை. கதவில் நின்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பாட்டில், பச்சை ஆயில், டூ-டி, வாடைக் காற்று. பார்வை வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் தயிர் சாதத்தை மூடிவைத்துவிட்டு, கைகூடக் கழுவாமல், "ஆட்டோ கூப்பிடு" என்றார். அந்த டின்னையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஆட்டோவில் மூன்று பேர். சார் ஏதேதோ கேட்டுக்கொண்டே வந்தார். எந்தப் பக்கம் போனான், நங்கூரம் இருக்கிறதா, துடுப்பு இருக்கிறதா. குமுதா ஒரு கேள்விக்கும் அவருக்குப் பதில் சொல்லவில்லை. எல்லாவற்றையும் என் காதில்தான் சொன்னாள், நான்தான் எடுத்துச் சொன்னேன். புருஷன் கடலில் கிடக்கிறான், அப்போதும் அவருக்கு நேராக வாய் திறக்க அவளால் முடியவில்லை. சார் கொஞ்ச நேரத்தில் கேட்பதை நிறுத்திவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நடுவில் போனை எடுத்துக் கடலோரக் காவலுக்கும் சொல்லிவிட்டார்.

கரையில் காற்று முகத்தில் மணலை அடித்தது. அலை உயரமாக எழும்பி உடைந்துகொண்டிருந்தது. எனக்குக் கடலென்றால் ஆகாது. அங்கேயே பிறந்து வளர்ந்தும் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. வாடை அடித்தால் மோட்டார் இல்லாத படகைத் தெற்கே, கரைப் பக்கமாகத் தள்ளும். தெற்கே முகத்துவாரம். அங்கே மணல்திட்டில் அலை முறிகிற இடத்தில் படகு குறுக்கே திரும்பினால் ஒரே புரட்டுதான். இதெல்லாம் கவுன்டரில் நின்று கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். குமுதாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அவள் முகத்துவாரத்தின் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏழுமலை வலைக்கொட்டகையில் இருந்தார். சாரைக் கண்டதும் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டு எழுந்தார். சார் வாயைத் திறப்பதற்குள், எனக்கு ஒன்றும் தெரியாது, பாட்டில் விஷயம் எதுவும் தெரியாது, என் மிஷினை யாரும் தொடவில்லை என்று அடுக்கிக்கொண்டே போனார். உயிர் போகிற அவசரம், அவர் பாட்டிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். சார் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"பாட்டிலை விடுப்பா. செல்வம் கியர் போயிருக்கும். உன் மோட்டார் நன்னா இருக்கு, அந்த ஆயிலை இப்பத்தான் பார்த்தோம். அதை எடுத்துண்டு போகணும்."

ஏழுமலைக்கு அப்போதுதான் விளங்கியது. மோட்டார் மரத் தாங்கியில் நின்றது. நான்கைந்து பேர் அதைத் தூக்க ஓடினார்கள். சார் குறுக்கே நின்றுகொண்டார். குவார்ட்டர் பாட்டில் அளவுக்கு இதிலிருந்து இறக்கியாகிவிட்டது, பாதிக்கு மேல் காலி, நிரப்பாமல் இது போகக் கூடாது என்றார்.

அப்போது எழுந்த சத்தம் இருக்கிறதே. ஆள் சாவக் கெடக்கான், இந்த ஐயர் எண்ணெய் ஊத்தச் சொல்றாரு என்று ஒருவன் கத்தினான். தள்ளுடா அவரை என்றான் இன்னொருவன். பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். சார் தள்ளாடினாரே தவிர நகரவில்லை. செல்வத்தைத் தேடிப் போகிறவனும் திரும்பாமல் போனால் நான் எங்கே போய்ச் சொல்வேன் என்று மட்டும் கேட்டார். சொல்லிக்கொண்டே வெள்ளைச் சட்டையோடு மணலில் மண்டியிட்டார்.

அந்த வேலையை அவசரமாகச் செய்ய முடியாது. கியர்ப் பெட்டியில் கீழே ஒரு திருகாணி, மேலே ஒரு திருகாணி. இரண்டையும் கழற்ற வேண்டும். ஆயிலைக் கீழ் ஓட்டை வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று அடைத்துக்கொள்ளும், நிரம்பியது மாதிரி ஏமாற்றும். சார் கீழ் ஓட்டையில் டின்னின் மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு டின்னை அமுக்கினார். கெட்டியான ஆயில், தன் இஷ்டத்துக்குத்தான் ஏறும். நான் மேல் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று மணலை வாரி அடித்தது, என் துப்பட்டாவை விரித்து மறைத்துக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. பின்னால் குமுதா "மாதாவே" என்றும் "மாரியாத்தா" என்றும் மாறி மாறிக் கூப்பிட்டாள். நான் மாதாவை மட்டும் கூப்பிட்டேன். ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு குமிழ் வந்தது. இன்னொரு குமிழ். குமிழ் நிற்கிற வரைக்கும் இரு என்றார் சார்.

கடைசியில் குமிழில்லாமல் ஆயில் ஒழுகியது. மேல் திருகாணியைத் துடைத்து, புது வாஷரோடு நான் முடுக்கினேன். அது மூடியிருந்தால்தான் கீழே கையை எடுக்கும்போது ஆயில் கொட்டாது. சார் மூக்கை எடுத்துக் கீழ்த் திருகாணியைப் போட்டு இறுக்கினார். விலகிக்கொண்டார். நான்கு பேர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு படகுக்கு ஓடினார்கள். ஏழுமலையும் இன்னொருவரும் ஏறினார்கள். இரண்டு அலைகள் படகைத் திருப்பிக் கரையில் போட்டன. மூன்றாவதில் தாண்டிவிட்டார்கள். கொஞ்ச நேரம் மோட்டார் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் காற்றில் போய்விட்டது.

காத்திருந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எல்லாரும் கடலைப் பார்த்தபடி நின்றார்கள். ஏதாவது ஒரு சத்தம் கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அது மெயின் ரோட்டில் போகிற பஸ்ஸாக இருக்கும். குமுதா என் கையைப் பிடித்திருந்தாள், அவள் நகம் என் தோலில் பதிந்திருந்தது. நான் ஏன் அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்தேன் என்று கேட்டாள். கொண்டுவந்ததால்தான் தெரிந்தது என்று நான் சொன்னேன். அவளுக்குக் கேட்டதா தெரியவில்லை. சார் எங்களை விட்டுத் தள்ளி, தனியாக நின்றார். அவரைச் சுற்றி ஒரு வட்டம் காலியாக இருந்தது. அங்கே போய் நிற்க யாருக்கும் மனசு வரவில்லை, எனக்கும்தான்.

வெயில் தணிந்து நிழல் நீண்ட நேரத்தில் தெற்கே ஒரு புள்ளி தெரிந்தது. பிறகு அதன் பின்னால் இன்னொன்று. கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறார்கள் என்று ஒரு கிழவர் சொன்னார். பின் படகில் ஆள் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. குமுதா கண்ணை மூடிக்கொண்டாள். நான்தான் பார்த்தேன். ஒரு தலை தெரிந்தது. இன்னொரு தலை படகின் ஓரத்தில் சாய்ந்து கிடந்தது. அதுவும் அசைந்தது.

"ரெண்டு பேரும் இருக்காங்கம்மா" என்றேன். அவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

திருவான்மியூருக்கு நேரே, அலை உடையும் இடத்துக்குக் கொஞ்சம் வெளியே கண்டார்களாம். முகத்துவாரத்தை நங்கூரத்தின் தயவில் எப்படியோ தாண்டியிருக்கிறார்கள். நங்கூரம் பிடிப்பதும் வழுக்குவதுமாக இருந்திருக்கிறது. மோட்டார் காலையிலேயே கடகடவென்று சத்தம் போட்டு, பிறகு மேலே மட்டும் ஓடியிருக்கிறது. துடுப்புப் போட்டுப் போட்டு இருவர் உள்ளங்கையும் உரிந்திருந்தது. பாபு வாந்தி எடுத்து எடுத்துத் துவண்டுபோயிருந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு வந்து போர்வை போர்த்தினார்கள்.

செல்வம் இடுப்பளவு தண்ணீரில் குதித்தான். கரையை நோக்கி நடந்தான். குமுதா எழுந்து ஓடினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. கூட்டத்தைத் தாண்டி, சட்டையெல்லாம் ஆயிலும் மணலுமாக நின்ற சாரைப் பார்த்துவிட்டான். அப்படியே நின்றுவிட்டான். அலை வந்து முதுகில் அடித்தது, அதற்கும் அசையவில்லை. பல் கிட்டித்துப்போய் வார்த்தை சரியாக வரவில்லை.

"தப்புதான் சார். அந்தப் பாட்டிலு எங்களுது இல்ல. மிஷினப் புடுங்கிக்காதீங்க சார்."

சார் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"என்னைப் பார்த்தா இவாளுக்கு இவ்ளோ பயமா, ரெஜினா?"

"எனக்கும்தான் சார்" என்றேன்.

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் தண்ணீரில் இறங்கினார். ஓரடி, இரண்டடி. அவர் இறங்க இறங்க, செல்வம் கடலுக்குள் பின்வாங்கிப் போனான். இடுப்பளவில் இருந்த தண்ணீர் அவன் மார்புக்கு வந்துவிட்டது. குமுதா கத்தினாள். சார் நின்றார். கரைக்கே திரும்பி வந்து, ஈர மணலில் நின்றுகொண்டு, இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார்.

"செல்வம், நான் இங்கேயே நிக்கறேன். கிட்ட வர மாட்டேன். நீ வெளியே வாப்பா."

அதற்குப் பிறகு கவுன்டரில் அவர் யாரிடமும் பாட்டில் கேட்கவில்லை.